நகைச்சுவையில் வெற்றி: திறமையா, தொடர்பா? மேடை நேரம் சொல்லும் கணக்கு

ஒரு நகைச்சுவைக் கலைஞருக்குத் திடீரென்று பெரிய மேடையோ தொலைக்காட்சி வாய்ப்போ கிடைத்தால் இரண்டு குரல்கள் எழும். "ஆள் தெரிந்தவர், அதனால்தான்" என்பது ஒன்று. "திறமை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது" என்பது மற்றொன்று. இரண்டுக்குமே உதாரணங்கள் கிடைக்கும். அதனால்தான் இந்த விவாதம் முடிவதே இல்லை.

இரண்டு குரல்களும் ஒரே பிழையைச் செய்கின்றன. திறமை ஒரு தட்டில், தொடர்பு மறு தட்டில் என்று எடை போடுகின்றன. தனி ஆளாக மேடையேறிச் சிரிக்க வைக்கும் ஸ்டாண்ட்-அப் காமெடியில் அவை இரண்டும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன. அது எப்படி நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சொற்களின் பொருள்

1. திறமை. இது பல திறன்களின் கூட்டு. எல்லோரும் கண்டும் காணாமல் போகும் ஒன்றில் கோணலைக் கண்டுபிடிக்கும் கண், அதைச் சுருங்கச் சொல்லும் எழுத்து, எங்கே நிறுத்த வேண்டும் என்ற கால உணர்வு, அரங்கின் மனநிலையை அறிந்து அந்த நொடியிலேயே பேச்சைத் திருப்பும் பக்குவம். முதல் இரண்டையும் வீட்டில் உட்கார்ந்து ஓரளவு வளர்த்துக்கொள்ளலாம். கடைசி இரண்டும் மேடையில்தான் வரும்.

2. தொடர்பு. இதில் மூன்று வகை உண்டு. புகழ்பெற்ற குடும்பம், செல்வாக்குள்ள நண்பர் என்று தானாக வாய்ப்பது முதல் வகை. ஏற்கெனவே மேடையில் இருப்பவர் "இவரைப் பாருங்கள்" என்று சொல்லும் பரிந்துரை இரண்டாவது. ஒரே மேடைகளில் சேர்ந்து தோற்று, சேர்ந்து தேறிய சகாக்களின் பழக்கம் மூன்றாவது. மூன்றையும் "சிபாரிசு" என்ற ஒரே சொல்லில் போட்டு அடைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

3. வெற்றி. ஒரு அரங்கில் தொடர்ந்து இடம் கிடைப்பது முதல் படி. அதை வைத்தே பிழைப்பது இரண்டாம் படி. ஊர் உலகம் அறியும் புகழ் மூன்றாம் படி. ஒவ்வொரு படியிலும் திறமைக்கும் தொடர்புக்கும் உள்ள பங்கு வேறு வேறு.

திறமை எங்கே பக்குவப்படுகிறது?

பாடகர் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்யலாம். சுருதி விலகினால் அவர் காதே சொல்லிவிடும். நகைச்சுவைக் கலைஞருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய சுருதிப் பெட்டி பார்வையாளர்கள்தான்.

ஒரு சிறிய நகைச்சுவையை எடுத்துக்கொள்வோம்.

"பல் மருத்துவர் என்னிடம் வாயைத் திறக்கச் சொல்லாமல் பணப்பையைத் திறக்கச் சொன்னார்."

கருத்தில் குறையில்லை. ஆனால் மேடையில் இது படுத்துவிடும். சிரிப்பை எழுப்பும் சொல் 'பணப்பை'. அதற்குப் பிறகும் "திறக்கச் சொன்னார்" என்று இரண்டு சொற்கள் மிச்சம் இருக்கின்றன. சிரிக்கத் தொடங்குபவர் கலைஞர் இன்னும் பேசுவதைக் கேட்டு அடங்கிவிடுகிறார். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைச்சொல்லில் முடிவதால், வெடிக்க வேண்டிய பெயர்ச்சொல் நடுவில் சிக்கிக்கொள்ளும். தமிழில் மேடையேறும் ஒவ்வொருவரும் சந்திக்கும் சிக்கல் இது. அதையே இப்படி மாற்றலாம்:

"பல் மருத்துவர், 'திற' என்றார். வாயைத் திறந்தேன். அவர் கேட்டது பணப்பையை."

இப்போது வெடி கடைசிச் சொல்லில் இருக்கிறது. "அவர் கேட்டது" என்பதற்குப் பின் எவ்வளவு நேரம் நிறுத்துவது? அரை நொடி போதாமல் போகலாம், இரண்டு நொடி என்றால் முன்வரிசைக்காரர் பதிலை ஊகித்துவிடுவார். சரியான அளவைச் சொல்லித்தரும் புத்தகம் எதுவும் கிடையாது. இருபது அரங்குகளில் சொல்லிப் பார்த்து, எந்த இடைவெளியில் சிரிப்பு முழுதாக எழுந்தது என்று கவனிப்பவருக்கே அது பிடிபடும். கால் நிமிடம்கூட ஆகாத ஒரு துணுக்குக்கே இவ்வளவு உழைப்பு என்றால், ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு எத்தனை இரவுகள் தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள்.

மேடை நேரத்தின் கணக்கு

திறமை மேடையில்தான் விளைகிறது என்றால், மேடை எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதே முதல் கேள்வியாகிறது. சம அளவு இயல்பான நகைச்சுவை உணர்வு கொண்ட இருவர் ஒரே நாளில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்.

1. முதலாமவருக்கு யாரையும் தெரியாது. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசக்கூடிய 'ஓப்பன் மைக்' இரவுகளுக்குப் போகிறார். வாரம் 2 இரவு, ஒவ்வொன்றிலும் 5 நிமிடம். ஆண்டுக்கு 520 நிமிடம். 9 மணி நேரம்கூட முழுதாகவில்லை.

2. இரண்டாமவருக்கு அரங்கு நடத்துபவரைத் தெரியும். வாரம் 4 இரவு, தலா 15 நிமிடம் கிடைக்கிறது. ஆண்டுக்கு 52 மணி நேரம்.

3. மூன்று ஆண்டு கழித்து முதலாமவரின் மேடை அனுபவம் 26 மணி நேரம். இரண்டாமவருடையது 156 மணி நேரம்.

இப்போது இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பவர் "இரண்டாமவர்தான் திறமைசாலி" என்று சொல்வார். அது உண்மையும்கூட. அவர் நிஜமாகவே மேலான கலைஞராகிவிட்டார். தொடக்கத்தில் கிடைத்த தொடர்பு மூன்றாண்டில் திறமையாக உருமாறிவிட்டதால், அது தொடர்பாக இருந்த காலம் யார் கண்ணிலும் படுவதில்லை. "தொடர்பா, திறமையா" என்று முடிவில் நின்று கேட்பவருக்குத் தெளிவான விடை கிடைக்காமல் போவதன் காரணம் இதுதான்.

ஐந்து நிமிடங்களிலும் வேறுபாடு

நிமிடங்களின் எண்ணிக்கை மட்டும் பிரச்சினை இல்லை, அவற்றின் தரமும் ஏறி இறங்கும். ஒரு ஓப்பன் மைக் இரவை நெருங்கிப் பார்ப்போம். பெயர்ப் பட்டியலில் இருபது பேர். இரண்டாவதாகப் பேசுபவருக்கு நாற்பது பேர் கொண்ட சுறுசுறுப்பான அரங்கு. இருபதாவது ஆள் மைக்கைப் பிடிக்கும்போது இரவு பதினொன்றைத் தாண்டியிருக்கும். மிஞ்சியிருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களிலும் பாதிப் பேர், தங்கள் முறை முடிந்து பையை மடியில் வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்க்கும் சக கலைஞர்கள். நேரம் முடிகிறது என்று காட்டும் சிறிய விளக்கு பின்சுவரில் எரியும்போது, தன் வரி பிடிக்கவில்லையா, கேட்க ஆள் இல்லையா என்று அவருக்கே தெரியாது. அந்த ஐந்து நிமிடத்திலிருந்து அவர் கற்றுக்கொள்ள எதுவும் இருப்பதில்லை.

சில இடங்களில் இன்னொரு முறையும் உண்டு. பேச விரும்புபவர் தன்னோடு ஐந்து பேரையோ பத்துப் பேரையோ டிக்கெட் வாங்க வைத்து அழைத்து வர வேண்டும். 'பிரிங்கர் ஷோ' என்று அதற்குப் பெயர். தொடர்பு இங்கே நேரடியாகவே நுழைவுக் கட்டணமாகிறது. இதில் மறைந்திருக்கும் கேடு பெரியது: நண்பர்கள் பாசத்தில் சிரிப்பார்கள், கலைஞர் தன் நகைச்சுவை வேலை செய்வதாக நம்பிவிடுவார். அளவுகோலே பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

அரங்கு நடத்துபவர் ஏன் தெரிந்தவரையே தேடுகிறார்?

இதை வெறும் பாரபட்சம் என்று தள்ளிவிட முடியாது. ஒருவர் பதினைந்து நிமிடம் சொதப்பினால் அரங்கு உறைந்துபோகும்; அடுத்து வருபவர் முதல் ஐந்து நிமிடத்தை அதைச் சூடேற்றவே செலவழிக்க வேண்டும். டிக்கெட் வாங்கியவர் மீண்டும் வரமாட்டார். அதனால் அரங்கு நடத்துபவர் தேடுவது மூன்று உறுதிகளை: குறித்த நேரத்துக்கு வருவாரா, கொடுத்த நேரத்துக்குள் முடிப்பாரா, தெரியாத கூட்டத்தை ஓரளவாவது சிரிக்க வைப்பாரா. இந்த மூன்றையும் விண்ணப்பத்தில் கண்டுபிடிக்க வழியில்லை. கூடவே மேடையேறிய ஒருவரின் வாய்ச்சொல்தான் நம்பகமான தகவல்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை இங்கே உதவும். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்தித்தவர் என்று சொன்னோர் 16.7 சதவீதம்தான். எஞ்சியோர் எப்போதாவதோ அரிதாகவோ சந்தித்தவர்கள் மூலம் வேலை பெற்றிருந்தார்கள். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி தூரத்துப் பழக்கத்திலிருந்துதான் வரும். நகைச்சுவை மேடையிலும் வேறு அரங்கில் ஒரே ஒரு முறை உடன் பேசியவர் சொல்லும் ஒரு வார்த்தை, உயிர் நண்பனின் பாராட்டைவிட அதிகம் வேலை செய்யும்.

சிரிப்பை ஆணையிட முடியுமா?

தொடர்புக்கு ஓர் எல்லை உண்டு. கைதட்டலை மரியாதைக்காகத் தரலாம்; பதினைந்து நிமிடம் தொடர்ந்து சிரிப்பதை மரியாதைக்காகச் செய்ய முடியாது. 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நாடக அரங்குகளில் காசு வாங்கிக்கொண்டு கைதட்டும் கூட்டங்கள் இருந்தன. அவற்றில் நகைச்சுவை வரும் இடங்களில் உரக்கச் சிரிப்பதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். மற்றவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள் என்பது கணக்கு.

அந்தக் கணக்கில் ஓரளவு உண்மை உண்டு. சிரிப்பை ஆராய்ந்த நரம்பியல் அறிஞர் ராபர்ட் புரோவைன், மனிதர் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாகச் சிரிப்பதாகக் கண்டார். அன்றாட உரையாடல்களில் அவர் பதிவு செய்த சுமார் 1,200 சிரிப்புகளில், நகைச்சுவை என்று சொல்லத்தக்க ஒன்றைத் தொடர்ந்து வந்தவை 20 சதவீதத்துக்கும் குறைவு. சிரிப்பு ஒட்டிக்கொள்ளும் பொருள். புகழ்பெற்றவர் மேடையேறும்போது அரங்கு சிரிக்கத் தயாராகவே உட்கார்ந்திருக்கிறது. பெயர் தெரியாதவருக்கு அந்த முன்பணம் கிடைப்பதில்லை. ஆனால் முன்பணம் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதன் பிறகு சரக்கு இருக்கிறதா இல்லையா என்பது அரங்கின் கடைசி வரிசைக்கே தெரிந்துவிடும். வேறு பல துறைகளில் தகுதியில்லாதவர் ஆண்டுக்கணக்கில் மறைந்து வாழலாம். இங்கே அந்த மறைவிடம் மிகச் சிறியது. இந்தக் கலையின் மேல் எனக்குள்ள மதிப்புக்கு முதல் காரணமே இதுதான்.

இரண்டு கலைஞர்கள்

அமெரிக்கக் கலைஞர் ஸ்டீவன் ரைட் 1979-இல் பாஸ்டன் பகுதியில் மேடையேறத் தொடங்கினார். முகத்தில் எந்த அசைவும் இல்லாமல், ஒன்றோடொன்று ஒட்டாத ஒற்றை வரிகளைச் சொல்வது அவர் பாணி. அருகிலுள்ள கேம்பிரிட்ஜில் 'டிங் ஹோ' என்ற சீன உணவகம் நகைச்சுவை அரங்காகவும் இயங்கியது. அங்கே வந்து அவரைப் பார்த்தவர், ஜானி கார்சன் நடத்திய 'தி டுநைட் ஷோ' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் தயாரிப்பாளர்களில் ஒருவரான பீட்டர் லசாலி. 1982 ஆகஸ்டில் ரைட் அந்த நிகழ்ச்சியில் தோன்றினார். ஒரு வாரம் முடிவதற்குள் மறுபடி அழைக்கப்பட்டார். அந்த நிகழ்ச்சியில் அது மிகவும் அரிது.

இதைத் "திறமை வென்றது" என்று சொல்லலாம். லசாலி அன்று அங்கே வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்கலாம். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அந்த விசித்திரமான பாணி மூன்றாண்டு பிழைத்து முதிர்வதற்கு, அதைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்து இடம் கொடுத்த ஒரு சிறிய அரங்கு இருந்தது. தயாரிப்பாளர் வந்த இரவு அதிர்ஷ்டம். அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான சாதாரண இரவுகள்தான் அந்த அதிர்ஷ்டத்தைப் பயன்படுத்தத்தக்க கலைஞரை உருவாக்கி வைத்திருந்தன.

ராட்னி டேஞ்சர்ஃபீல்டின் கதை வேறு மாதிரி. 1921-இல் பிறந்தவர். இளமையில் மேடையேறிப் பார்த்தார், எடுபடவில்லை. விட்டுவிட்டு வீடுகளுக்கு அலுமினியப் பலகை விற்கும் தொழிலுக்குப் போனார். நாற்பதை ஒட்டிய வயதில் திரும்பி வந்தார். வந்த பிறகு அவர் கண்டெடுத்தது ஒரு பாத்திரம்: "எனக்கு எங்கேயும் மரியாதையே கிடைப்பதில்லை" என்று புலம்பும் மனிதர். 1967-இல், 45 வயதில், எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிப் புகழடைந்தார். இடையில் அவருக்குப் புதிய செல்வாக்கு எதுவும் முளைக்கவில்லை. தோல்வியடைந்த வாழ்க்கையே அவருக்குச் சரக்காயிற்று.

அதற்குப் பிறகு அவர் செய்ததும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். 1969-இல் நியூயார்க்கில் சொந்த அரங்கு திறந்தார். புதியவர்களை அறிமுகப்படுத்தும் எச்.பி.ஓ தொலைக்காட்சி நிகழ்ச்சியை அங்கிருந்தே நடத்தினார். சாம் கினிசன் நாடறியும் கலைஞரானது அந்த வழியில்தான். ஒருவரின் திறமை அடுத்தவரின் தொடர்பாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கல்லூரிக் குழுக்கள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1883-இல் தொடங்கிய 'ஃபுட்லைட்ஸ்' என்ற நாடகக் குழுவிலிருந்து ஜான் கிளீஸ், எரிக் ஐடில், ஹியூ லாரி, ஸ்டீபன் ஃப்ரை, எம்மா தாம்சன் என்று பலர் வந்திருக்கிறார்கள். எடின்பரோ விழாவின் நகைச்சுவை விருது 1981-இல் முதன்முறை வழங்கப்பட்டபோது பெற்றதும் அந்தக் குழுவே. படித்த இடத்தின் செல்வாக்கு என்று சொன்னால் தவறில்லை. ஆனால் அந்தக் குழு அறிமுகங்களை மட்டும் தரவில்லை. எழுதியதை உடனே சகாக்கள் முன் நடித்துப் பார்க்கும் இரவுகளையும் தந்தது. பயிற்சியும் பழக்கமும் ஒரே பொட்டலத்தில் வந்தன. அந்தப் பொட்டலம் யாருக்கு எட்டியது என்பதுதான் நியாயமான கேள்வி.

புகழ் என்ற கடைசிப் படி

மூன்றாம் படியில் திறமை, தொடர்பு இரண்டையும் தாண்டிய ஒன்று நுழைகிறது. அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாடல்களை 14,341 பேருக்கு இணையத்தில் கேட்கக் கொடுத்து சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூவர் நடத்திய சோதனை 2006-இல் வெளியானது. சிலருக்குப் பாடல்கள் மட்டும் காட்டப்பட்டன. மற்றவர்கள் எட்டுத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். தம் குழுவினர் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையை அவர்களால் பார்க்க முடிந்தது. விளைவு:

1. எண்ணிக்கை தெரிந்த குழுக்களில் முன்னணிப் பாடல்களுக்கும் மற்றவற்றுக்கும் இடைவெளி பெரிதாயிற்று.
2. ஒரு குழுவில் முதலிடம் பெற்றது இன்னொரு குழுவிலும் முதலிடம் பெறும் என்ற உறுதி இல்லை.
3. மிகச் சிறந்தவை அடிமட்டத்துக்குப் போவது அரிது. மிக மோசமானவை உச்சிக்குப் போவதும் அரிது. நடுவில் உள்ளவற்றுக்கு எதுவும் நடக்கலாம்.

பாடலைவிடச் சிரிப்பு இன்னும் வேகமாகப் பரவும் என்பதால் நகைச்சுவைக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். யாரை மேடையேற்றுவது என்று முடிவு செய்யும் வாசல்காப்பாளரை இணையக் காணொளிகள் ஒழித்துவிட்டன என்று சொல்லப்படுகிறது. 2006-இல் பதின்வயதில் யூடியூபில் பாடல்களைப் பதிவேற்றிப் பெயர் பெற்ற போ பர்னம் அதற்கு நல்ல சான்று. ஆனால் வாசல் இடம் மாறியிருக்கிறது, மறையவில்லை. யாருக்கு எதைக் காட்டுவது என்று தளத்தின் கணிப்பொறி முடிவு செய்கிறது. ஏற்கெனவே பார்க்கப்பட்டதே மேலும் பார்க்கப்படுகிறது. ஒரு நிமிடக் காணொளியில் வெல்லும் திறமையும் ஒரு மணி நேரம் அரங்கைக் கட்டிப்போடும் திறமையும் வேறு என்பதால், இணையப் புகழோடு மேடைக்கு வந்து பத்தாவது நிமிடத்தில் திணறுபவர்களும் உண்டு.

விளைவுகள்

மேடை நேரத்தைப் பங்கிடும் அதிகாரம் சிலர் கையில் குவிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாற்றில் இரண்டு நிகழ்வுகளைப் பார்க்கலாம்.

முதலாவது கூலி. 1972-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'தி காமெடி ஸ்டோர்' அரங்கு சில ஆண்டுகளில் புதியவர்கள் எல்லோரும் கால் வைக்க விரும்பும் இடமாயிற்று. டிக்கெட் விற்றது, கூட்டம் நிரம்பியது. மேடையில் பேசியவர்களுக்கு மட்டும் கூலி இல்லை. இது பயிற்சிக்கூடம், இங்கே பேசுவதே வாய்ப்பு என்று அரங்கை நடத்திய மிட்சி ஷோர் வாதிட்டார். 1979-இல் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டாம் டிரீசன் அவர்கள் சார்பில் பேசினார். ஜே லெனோ, டேவிட் லெட்டர்மன் போன்றோரும் உடன் நின்றார்கள். முடிவில் ஒரு முறை பேசினால் 25 டாலர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. கூலியில்லாத மேடையில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேறு வருமானம் உள்ளவரால்தான் முடியும். அப்படிப்பட்ட ஏற்பாடு சிரிக்க வைப்பவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் காத்திருக்க வசதியுள்ளவரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

இரண்டாவது ரசனை. தனக்குப் பழக்கமான வாழ்க்கையைப் பற்றிய நகைச்சுவைக்கே எவரும் முதலில் சிரிப்பார். தேர்வு செய்பவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் என்றால் மேடையில் நிற்பவர்களும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். ஜானி கார்சன் 1962-இல் 'தி டுநைட் ஷோ'வை ஏற்றார். முதல் முறை தோன்றியபோதே அவர் தம் அருகில் உட்கார அழைத்துக் கௌரவித்த முதல் பெண் நகைச்சுவைக் கலைஞர் எலன் டிஜெனரஸ், ஆண்டு 1986. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் அந்தத் தகுதி ஒரு பெண்ணுக்குக்கூட இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

பங்கீட்டைச் சீராக்கும் வழிகள்

அரங்குகள் தம் அளவில் செய்யக்கூடியவை சில உண்டு. சில இடங்களில் இவை நடைமுறையிலும் இருக்கின்றன.

1. ஓப்பன் மைக்கில் பேசும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது.
2. நிரந்தர இடம் கொடுப்பதை ஒருவர் மட்டும் முடிவு செய்யாமல், வேறு வேறு வயதும் பின்னணியும் கொண்ட இரண்டு மூன்று பேர் பார்த்து முடிவு செய்வது.
3. டிக்கெட் விற்கும் நிகழ்ச்சி என்றால், முதலில் பேசும் புதியவருக்கும் சிறிய தொகையாவது கொடுப்பது.
4. பார்வையாளர்கள் காத்திருக்கும் பெயர் தெரிந்த கலைஞரை நடுவில் போடாமல் புதியவர்கள் அனைவருக்கும் பின்னால் போடுவது. இதற்குத் தனியாக எந்தச் செலவும் இல்லை. அவருக்காகக் கூட்டம் இருக்கையை விட்டு எழாது. பட்டியலில் இருபதாவதாக வருபவரும் ஏழெட்டுப் பேரிடம் பேசாமல் நாற்பது பேரிடம் பேசுவார், 'பணப்பை' என்ற சொல்லுக்கு முன் எத்தனை நொடி நிறுத்த வேண்டும் என்பது அன்றிரவு அவருக்கும் தெரியவரும்.